எங்கள் ஊர் நூலகம்: மேசைக்கு வரும் கேள்விகளும் என் பதில்களும்

சேலம் ஜங்ஷனைத் தாண்டி இரும்பாலை போகிற பக்கத்தில் இருக்கிறது எங்கள் புறநகர்ப் பகுதி. இங்குள்ள கிளை நூலகத்தில் எனக்கு எந்தப் பதவியும் கிடையாது; வாசகர் வட்டத்தில் ஓர் ஆள், அவ்வளவுதான். ஆனால் தினமும் சாயங்காலம் நுழைவு மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதால், நூலகர் அலமாரிப் பக்கம் போன நேரத்தில் வருகிறவர்கள் என்னையே நூலகர் என்று நினைத்துக் கேட்டுவிடுகிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எழுதி வைத்துவிட்டேன்.

இந்த நூலகம் எப்படி வந்தது?

ஒரே நாளில் ரிப்பன் வெட்டி வந்ததில்லை. நான் பார்த்ததையும் அப்பா சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் இருந்தது ஒரு இரும்பு பீரோ. ஊராட்சி அலுவலகத் திண்ணையில் பூட்டுப் போட்டு நிற்கும். அதற்கு ‘நூல் வழங்கும் நிலையம்’ என்று பெயர். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சாயங்காலம் வந்து திறப்பார். உட்கார்ந்து படிக்க இடம் கிடையாது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பீரோவில் இருந்ததை எல்லாரும் படித்து முடித்த பிறகு, பெரிய நூலகத்திலிருந்து வேறு கட்டு வரும். சைக்கிள் கேரியரில் சாக்குப்பையோடு ஆள் வருவதைப் பார்த்தாலே பையன்கள் பின்னால் ஓடுவோம். பையில் அம்புலிமாமா வந்திருக்குமா என்ற கவலை எங்களுக்கு.

இரண்டாவது, வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு. ஒரு பெஞ்சு, இரண்டு பத்திரிகை, முறை வைத்துப் படிக்கும் கூட்டம். ஐப்பசி அடைமழைக்கு ஓடு ஒழுகும். புத்தகம் இருந்த அலமாரியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்திக்கொண்டே இருப்போம். ஆனந்தமாக நனைந்து உப்பிப்போன ஒரு நாவல் இன்னும் அலமாரியில் இருக்கிறது, கையில் எடுத்தால் அப்பளக் கட்டு மாதிரி இருக்கும்.

மூன்றாவதுதான் இப்போது நிற்கிற சொந்தக் கட்டடம். இடம் ஊராட்சி கொடுத்தது. அதற்காக நடையாய் நடந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ‘நம்ம புள்ளைங்களுக்கு’ என்ற ஒரு வார்த்தைதான் அவர்கள் மனுவில் இருந்த வாதம்.

இடையில் ஊரே மாறியது. 1970-ல் இந்திரா காந்தி இரும்பாலைக்கு அடிக்கல் நாட்டினார். 80களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது. சோளக்காடும் கடலைக்காடும் மனைகளாகப் பிரிந்தன. மனை வந்தால் வீடு, வீடு வந்தால் வீட்டு வரி, வீட்டு வரியோடு ஒட்டிக்கொண்டு நூலக வரி. இந்தச் சங்கிலி புரிந்தால் எங்கள் நூலகம் வளர்ந்த கதையில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

நூலக வரியா? நான் எங்கே கட்டுகிறேன்?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ஒரு வரியில் ‘நூலக வரி’ என்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. அரையாண்டுக்கு 1200 ரூபாய் சொத்து வரி என்றால் 120 ரூபாய் நூலகத்துக்கு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் ‘எங்களுக்கு இது கிடையாது’ என்று சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் வாடகையைக் கணக்குப் போடும்போது எதையும் விட்டுவிடுவதில்லை.

இது சும்மா வந்த வரி இல்லை. 1948-ல் சென்னை மாகாணச் சட்டசபை பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சர். மசோதாவைக் கொண்டுவந்தவர் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவில் இதற்கென்று வந்த முதல் சட்டம் இதுதான். 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1896-ல் திறந்த சென்னை கன்னிமாரா நூலகம், சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே மாநில மைய நூலகமும் ஆனது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, அதற்குச் சொந்தமாக ஒரு நிதி, அந்த நிதிக்கு மக்களே கட்டுகிற வரி என்று ஏற்பாடு. கொடையாளி மனசு வைத்தால்தான் நூலகம் என்ற நிலை அதோடு போனது.

பணம் போகிற வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். வரியை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. வசூலித்ததை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த ‘ஒப்படைக்க வேண்டும்’ என்பதில்தான் எல்லாச் சிக்கலும். உள்ளாட்சிக்கு ஆயிரம் செலவு. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சம்பளம். கைக்கு வந்த பணத்தைத் தூக்கிக் கொடுக்க மனசு வராமல் பாக்கி விழும். எங்கள் பக்கத்திலும் ஒரு காலத்தில் இப்படி நின்றது. வாசகர் வட்டத்தில் நாலைந்து பேர் எங்கள் ரசீதுகளை நகல் எடுத்து மனுவோடு இணைத்து, ‘நாங்கள் கட்டிவிட்டோம், எங்கே போனது?’ என்று கேட்டோம். கோபப்படாமல் கேட்டதால் காபி கொடுத்தார்கள். பணம் வரக் கொஞ்ச நாள் ஆனது.

சட்டம் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஜனங்கள் படிக்கவே இல்லையா?

நன்றாகப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் கேட்டார்கள்.

சேலம் நெசவு ஊர். அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை என்று தெருத்தெருவாகத் தறி. நெசவாளிக்குக் கையும் காலும் வேலையில் இருக்கும். காது சும்மாதான் இருக்கும். தெருமுனைப் படிப்பகத்தில் ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு பீடி சுற்றுவதும் தறிக்குத் தார் நூல் சுற்றுவதும் நடந்தது. என் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்; ஆனால் உலகப் போர் எந்த ஊரில் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லுவார். சுயமரியாதை இயக்கத்துக்கு இந்தப் படிப்பகங்கள்தான் காலும் கையும். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் இதே சேலத்து மாநாட்டில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்த ஊர்த் தெருக்களில் பத்திரிகைக்கு ஏன் அவ்வளவு கிராக்கி என்று விளங்கும். காங்கிரஸ்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ராஜாஜி 1917-லிருந்து 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். இங்கே அவர் வக்கீல்.

தஞ்சைப் பக்கம் போனால் இன்னும் சுவையான கதை உண்டு. 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர், மாட்டு வண்டியில் அலமாரி கட்டிச் சுற்றுக் கிராமங்களுக்குப் புத்தகம் அனுப்பினார். எங்கள் சாக்குப்பைச் சைக்கிளுக்கு அந்த வண்டிதான் மூதாதை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை.

இப்போது நாம் மாநகராட்சியா, ஊராட்சியா? நூலகம் யாருடையது?

சேலம் 1994 ஜூன் 1-ல் மாநகராட்சியானபோது சூரமங்கலம் உள்ளிட்ட சுற்றுப்புறங்கள் பல உள்ளே வந்தன. இப்போது சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று 4 மண்டலம், 60 வார்டு. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தெரு மாநகராட்சி, அந்தப் பக்கம் ஒரு தெரு ஊராட்சி என்று இன்னும் இருக்கிறது. நூலகத்துக்கு அந்தக் கோடு கிடையாது. வரியை யார் வசூலித்தாலும் நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுடையது. எந்தத் தெருவில் இருந்து வந்தாலும் உறுப்பினராகலாம்.

கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம், அறிவுசார் மையம்... தலை சுற்றுகிறதே?

எனக்கும் சுற்றியது. பொறுமையாகப் பாருங்கள்.

பொது நூலகத் துறைக்குள் ஒரு படிக்கட்டு இருக்கிறது. மேலே மாவட்ட மைய நூலகம். அதற்குக் கீழே கிளை நூலகம். முழுநேர நூலகர் இருப்பார். அடுத்து ஊர்ப்புற நூலகம், சின்னது. எல்லாவற்றுக்கும் சின்னது பகுதி நேர நூலகம். நாளில் சில மணி நேரம் மட்டும் திறக்கும். தமிழகம் முழுக்க எல்லாம் சேர்த்து 4500-க்கும் மேல். ஒரு நூலகம் கீழ்ப்படியிலிருந்து மேலே ஏறுவதைத்தான் ‘தரம் உயர்த்துவது’ என்கிறார்கள்.

இந்தப் படிக்கட்டுக்கு வெளியே இரண்டு இருக்கின்றன. குழப்பம் வருவது இவற்றால்தான். ஒன்று, 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகம். கட்டடம் வரிசையாக ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அது ஊராட்சியின் பொறுப்பு. நூலகத் துறையுடையது இல்லை. பல ஊர்களில் அதன் கதவில் பூட்டு தொங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டடம் கட்ட ஒருமுறை பணம் போதும், திறந்து உட்கார மாதாமாதம் ஆள் வேண்டுமே. இன்னொன்று, சமீப வருடங்களில் நகரங்களில் வந்திருக்கும் ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’. அது நகராட்சி நிர்வாகத்தின் கீழ் வருவது; போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களை மனதில் வைத்துக் கட்டியது. மூன்றுக்கும் பெயர்ப்பலகையில் ‘நூலகம்’ என்றே இருந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்?

வெள்ளிக்கிழமை வந்தால் பூட்டியிருக்கிறதே?

கிளை நூலகத்துக்கு அன்றுதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். உங்களுக்கு லீவு இருக்கிற நாளில் நூலகத்துக்கும் லீவு விட்டால் யாருக்கு லாபம்?

நாளிதழ் பார்க்கத்தானே வந்தேன், வருகைப் பதிவேட்டில் எதற்குக் கையெழுத்து?

இதைத்தான் நான் தினமும் கெஞ்சிக் கேட்கிறேன். தயவு செய்து போடுங்கள்.

நூலகத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வீட்டுக்குப் போனது, எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று மாதம் பிறந்தால் கணக்கு மேலே போகும். பகுதி நேரத்தை ஊர்ப்புறம் ஆக்குவதா, ஊர்ப்புறத்தைக் கிளை ஆக்குவதா, இன்னொரு பத்திரிகை போடலாமா, ஓர் ஆள் கூட வேண்டுமா என்று பேச்சு வரும்போது கோப்பில் பேசுவது இந்த எண்கள்தான். சாயங்காலம் 40 பேர் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதை மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியால் பார்க்க முடியாது. பதிவேட்டில் 11 கையெழுத்து இருந்தால் அவருக்கு இங்கே வந்தது 11 பேர்தான்.

ஓட்டு வீட்டுக் காலத்தில் எங்கள் நூலகம் இழுத்தடித்த வருடங்களுக்கு நான் முதல் காரணம் சொல்வது இதைத்தான். வருகிறவர்கள் வந்தார்கள், படித்தார்கள், அரசியல் பேசினார்கள், போனார்கள். பேனாவைத் தொடவில்லை. அப்போது இருந்த நூலகர் அம்மா ஒரு நாள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தார். ‘ஏங்க, நீங்க வந்தது நெசந்தானே? நெசம்னா எழுதுங்க’ என்றார். அதற்குப் பிறகுதான் கணக்கு ஏறியது. சொந்தக் கட்டடத்துக்கான மனுவோடு நாங்கள் இணைத்த காகிதங்களில் ரொம்ப வேலை செய்தது அந்தப் பதிவேட்டின் நகல்.

சிலர் ‘காந்தி, சேலம்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் நடிகர் பெயரை எழுதுவார். வேண்டாம். உங்கள் பெயர் போதும்.

புரவலர் பலகை என்று வாசலில் இருக்கிறதே, அதில் பெயர் வர என்ன செய்ய வேண்டும்?

1000 ரூபாய் கட்டினால் புரவலர். ரசீது கேட்டு வாங்குங்கள். பலகையில் உங்கள் பெயருக்குப் பதில் அம்மா அப்பா பெயர் போடச் சொல்லியும் பலர் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பலகையில் உள்ளவர்களில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் நிறைய. பட்டறையில் விளையாட்டாக ஒருவரையொருவர் மாட்டிவிட்டே பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். பலகை எழுதுகிற பெயின்டர் ஒரு பெயரில் ‘ழ’வை ‘ள’ ஆக்கிவிட்டார். அதைத் திருத்த இன்னும் ஆள் வரவில்லை.

புத்தகத்தின் முதுகில் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் ஒட்டியிருக்கிறதே, அது என்ன மர்மம்?

கேட்டதற்குச் சந்தோஷம். யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் பழைய தமிழ் நாவல்களில் ஆங்கில ‘ஓ’ எழுத்து, பிறகு 31, ஒரு கமா, 3 என்று இருக்கும். ‘ஓ’ என்றால் இலக்கியம். 31 என்றால் தமிழ். 3 என்றால் கதை. அந்த இடத்தில் 1 இருந்தால் கவிதை, 2 இருந்தால் நாடகம். ஆக, நம்பரைப் பார்த்ததும் ‘தமிழ்க் கதைப் புத்தகம்’ என்று படித்துவிடலாம். கணக்குக்கு ‘பி’, மருத்துவத்துக்கு ‘எல்’, வரலாற்றுக்கு ‘வி’.

இதைச் செய்தவர் நம் சீர்காழிக்காரர், எஸ். ஆர். ரங்கநாதன். 1892-ல் பிறந்தவர். கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக வந்தார், வேலை பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டார். இங்கிலாந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு சொல்லுங்கள் என்றார்கள். லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார்: சின்னச் சின்ன இரும்புத் துண்டு, திருகு, சக்கரம், சேர்க்கிற விதத்தில் சேர்த்தால் வண்டியும் ஆகும், கிரேனும் ஆகும். அறிவுத் துறைகளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றியது. 1933-ல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. எங்கள் ஒழுகிய ஓட்டு வீட்டு நாவலின் முதுகில் இருப்பது லண்டன் கடை ஒன்றின் பொம்மையில் முளைத்த யோசனை.

நூலகச் சட்டத்துக்குப் பின்னால் இருந்ததும் அவர் பல வருடம் விடாமல் செய்த பிரச்சாரம்தான். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிர் என்பது. இடம் போதவில்லை என்று மனு எழுதும்போதெல்லாம் அந்த விதியை முதல் பத்தியில் போட்டுவிடுவோம். படிக்கிற அதிகாரி நூலகப் படிப்புப் படித்தவர் என்றால் கொஞ்சம் முகம் மலரும்.

சில புத்தகங்களில் 894.811 என்று இருக்கும். அது டூயி என்ற அமெரிக்கர் முறை. தமிழ் இலக்கியத்துக்கு அந்த எண். ஒரே நூலகத்தில் இரண்டும் இருப்பது ஒரு வீட்டில் பழைய படியும் புது லிட்டரும் இருப்பது மாதிரி.

நாங்கள் கேட்கிற புத்தகம் வருவதே இல்லை. கேட்காத புத்தகம் கட்டுக்கட்டாக வருகிறது. ஏன்?

நியாயமான கோபம். நூலகர் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வருவதில்லை. ரொம்ப வருடமாக நான் பார்த்த பழைய முறை இது: பதிப்பகங்கள் அரசுக்கு மாதிரிப் பிரதி அனுப்பும். தேர்வுக் குழு பார்க்கும். தேர்வானதை மாநிலம் முழுதுக்கும் மொத்தமாக வாங்கிப் பிரித்து அனுப்புவார்கள். இதற்குத்தான் ‘நூலக ஆணை’ என்று பெயர். விலை பாரக் கணக்கில். ஒரு பாரம் 16 பக்கம். தமிழ்ப் பதிப்பாளர்களில் நிறையப் பேருக்கு நூலக ஆணை வந்தால்தான் அச்சகக் கடன் அடையும். ஆணை வராத வருடம் என்றால் புலம்பல்தான். நல்ல கவிதைத் தொகுதிகளும் ஆராய்ச்சி நூல்களும் அச்சாவதற்கு இந்த ஆணை ஒரு தைரியம் கொடுத்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. பக்கத்தை ஊதிப் பெரிதாக்கி, எழுத்தைப் பெரிசு பண்ணி, நூலகத்துக்கென்றே அச்சடித்த புத்தகங்களும் அதே வழியில்தான் உள்ளே வந்தன. அலமாரியில் இரண்டும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. புத்தகத்துக்குள் ஒட்டியிருக்கிற தேதித் தாளைப் பாருங்கள். எது வீட்டுக்குப் போனது, எது ஒரு நாளும் போகவில்லை என்று அது காட்டிக் கொடுத்துவிடும்.

மேசையில் ‘வாசகர் பரிந்துரை’ நோட்டு இருக்கிறது. எழுதி வையுங்கள். ஆசிரியர் பெயர், பதிப்பகம் இரண்டும் சேர்த்து எழுதினால்தான் யாராவது தேட முடியும். ‘நல்ல சரித்திரக் கதை’ என்று எழுதினால் நாங்கள் எங்கே போவது?

வீட்டில் பழைய புத்தகம் நிறைய இருக்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதை நானாக இருந்தால் எடுப்பேனா? மகன் பத்தாம் வகுப்பு முடித்ததும் அவன் நோட்ஸ் மூட்டையை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியவர் உண்டு. பாடத்திட்டம் மாறி வருடங்கள் ஆகியிருந்தன. கறையான் ஏறின கட்டு ஒன்று வந்தது, அதை உள்ளே விட்டிருந்தால் மொத்த அலமாரியும் போயிருக்கும். நல்ல நிலையில் உள்ள கதை, வரலாறு, சிறுவர் புத்தகம், சேலம் பற்றிய பழைய மலர்கள், மாநாட்டு மலர்கள் எதுவானாலும் தாராளமாகக் கொண்டு வாருங்கள். குறிப்பாகக் கோவில் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வெள்ளிவிழா மலர் மாதிரியானவை. வேறு எங்கும் கிடைக்காத ஊர் வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. எடைக்குப் போட்டுவிட்டால் அதோடு போச்சு.

புத்தகம் தொலைந்துவிட்டால்?

நேராக வந்து சொல்லுங்கள். அதே புத்தகத்தை வாங்கிக் கொடுப்பது நல்ல வழி. கிடைக்காவிட்டால் நூலகர் சொல்கிற தொகை. முத்திரையுள்ள பக்கத்தைக் கிழித்துவிட்டு என்னுடைய புத்தகம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல்: நூலகங்கள் உள்ளே குறிப்பிட்ட ஒரு பக்கத்திலும் ரகசியமாக முத்திரை வைக்கும். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே இடம் பிடித்துவிடுகிறார்கள். பெரியவர்கள் எங்கே உட்காருவது?

இந்தச் சண்டையில் நான் பிள்ளைகள் பக்கம். கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

குரூப் 4 தேர்வில் 200 கேள்வி. அதில் 100 தமிழ். பத்தாம் வகுப்புத் தகுதி போதும். அதனால் பட்டறை வேலைக்குப் போகிற பையனும், கல்யாணமாகிக் கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்ணும் எழுதுகிறார்கள். அவர்கள் வீடு ஒற்றை அறை. ஒரு பக்கம் டிவி, இன்னொரு பக்கம் தறிச் சத்தம். கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் கிடையாது. இங்கே வந்தால் மின்விசிறி, மேசை, சமச்சீர்ப் பாடப்புத்தகம், அன்றைய நாளிதழ் எல்லாம் காசில்லாமல் கிடைக்கிறது. எங்கள் ஓய்வுபெற்றோர் கூட்டம் அரசியல் பேசுவதற்கு வேறு இடம் இருக்கிறது, வாசல் வேப்பமரம். நாங்கள் இப்போது அங்கே நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டோம். நாளிதழை முறை வைத்து வெளியே எடுத்துவரவும் நூலகர் சம்மதித்தார். காற்று உள்ளே இருப்பதைவிட நன்றாகவே இருக்கிறது.

ஆனால் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நோட்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு மூன்று மணி நேரம் வெளியே போகிற வழக்கம் வேண்டாம்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி இடம் உண்டா?

குழந்தைகளுக்கு ஒரு பாய் விரித்த மூலை உண்டு. பெண்களுக்குத் தனி மேசை ஒன்று இருக்கிறது. இருந்தாலும் நிறையப் பேர் உட்கார்ந்து படிப்பதில்லை, எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சாயங்காலம் 6 மணிக்கு வீட்டில் உலை வைக்க வேண்டியவர் எப்படி உட்காருவார்? கொலுசுக்குச் சலங்கை கோக்கிற வேலைக்காரர் ஒருவர், வாரம் தவறாமல் வருவார். பேர் போன நாவலாசிரியர்கள் யாரையும் விட்டதில்லை. ஒருமுறை கேட்டேன், எப்போது படிப்பீர்கள் என்று. ‘கரன்ட் போற நேரத்துல பத்த வைக்க முடியாதில்லீங்களா, அப்ப’ என்றார். பட்டறையில் பற்றவைக்கும் இயந்திரம் நிற்கிற நேரம் அவருக்கு நூலக நேரம்.

ஏற்காட்டில் இருக்கிறோம். இங்கே வந்து உறுப்பினராக வேண்டுமா?

20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஒரு புத்தகத்துக்காக வர வேண்டாம். மாவட்டம் ஒன்றுதான், உங்கள் பக்கத்தில் உள்ள நூலகத்திலேயே சேருங்கள். மலையில் வேறு தொல்லை இருக்கிறது. பனிமூட்டம் நாள்கணக்கில் நிற்கிற மாதங்களில் காகிதம் ஈரம் குடிக்கும், அட்டை நெளியும், பூஞ்சணம் பிடிக்கும். காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் புத்தகத்தை அடுப்பங்கரைப் பரணில் வைத்துக் காப்பாற்றுகிறார். திருப்பித் தரும்போது புகைவாசம் வரும். யாரும் குறை சொன்னதில்லை.

எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே?

கிடைக்கிறது. அரசின் தமிழ் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய புத்தகங்களை இலவசமாகவே படிக்கலாம்; பேத்தியைக் கேட்டு நானும் பார்க்கிறேன். அங்கே கிடைக்கிற பழைய நூல்களின் முதல் பக்கத்தைக் கவனியுங்கள். ஏதோ ஒரு ஊர் நூலகத்தின் முத்திரை மங்கலாகத் தெரியும்.

வாசகர் வட்டத்தில் சேர என்ன செய்ய வேண்டும்?

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கூடுகிறோம். ஒருவர் தான் படித்த புத்தகத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார், மற்றவர்கள் ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். கட்டணம் இல்லை. தேதி வாசல் கரும்பலகையில் எழுதியிருக்கும். நாற்காலி எடுத்துப் போட ஆள் குறைவாக இருக்கிறது. முடிந்தால் கால் மணி நேரம் முன்னாடி வாருங்கள். உள்ளே வந்ததும் பதிவேடு இடது பக்கம் இருக்கும், பேனா நூலில் கட்டியிருக்கும்.